இருநூறு மைக்ரானுக்கு அப்பால்

1997-இல் உலகப் பத்திரிகைகள் போட்ட ஒரு படம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். உடம்பில் முடியே இல்லாத ஒரு சுண்டெலி. அதன் முதுகில் முளைத்தாற்போல ஒரு மனிதக் காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்லஸ் வக்கான்டியின் குழு செய்த வேலை அது. குழந்தையின் காது வடிவில், தானாகக் கரையும் பாலிமரில் ஒரு சட்டகம் செய்தார்கள். கன்றுக்குட்டியின் குருத்தெலும்புச் செல்களை அதில் தூவி, எலியின் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். மனிதச் செல் ஒன்றுகூட அதில் கிடையாது. ஆனாலும் அந்தப் படம் பெரிய நம்பிக்கையைக் கிளப்பிவிட்டது: இன்று காது, நாளை ஈரல், நாளை மறுநாள் இதயம்.

முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஈரலும் வரவில்லை, இதயமும் வரவில்லை. காது ஏன் வளர்ந்தது என்று கேட்டாலே மற்றவை ஏன் வளரவில்லை என்பதும் விளங்கிவிடும். குருத்தெலும்புக்குள் ரத்த நாளம் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருவதை வைத்துச் சிக்கனமாகப் பிழைத்துக்கொள்ளும் செல்கள் அவை. ஈரல் செல்லுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. இதயத் தசைக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆய்வகத்தில் திசு வளர்க்கும் துறையின் கதையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். செல்களை வளர்க்கத் தெரியும். எந்தச் செல்லை எதுவாக மாற்றுவது என்பதும் ஓரளவு தெரியும். வளர்த்ததற்குச் சோறு போடத்தான் வழி தெரியவில்லை. நோயாளியின் உடம்புக்குள் இதுவரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவற்றில் எதை எடுத்துப் பார்த்தாலும், அது மெல்லியதாக இருக்கும், அல்லது செல்லே இல்லாத குழாயாக இருக்கும், அல்லது வேறெங்கோ ஓடும் ரத்தத்தைக் கடன் வாங்கியிருக்கும். இந்த மூன்றிலும் சேராமல் வெற்றி பெற்ற ஒன்று என் கண்ணில் படவில்லை.

இந்தத் தடையின் அளவை முதலில் கணக்குப் போட்டவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக். தசைக்குள் தந்துகிகள் எனப்படும் நுண் நாளங்கள் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் ஓடுகின்றன என்று கோபன்ஹேகனில் மைக்ராஸ்கோப்பின் கீழ் எண்ணிக்கொண்டிருந்த அவர், ஒரு தந்துகியிலிருந்து கசியும் ஆக்ஸிஜன் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதை 1919-இல் கணித்தார். சூத்திரம் எழுதிக்கொடுத்தவர் அவ்வூர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணித நிபுணர் எர்லாங். அடுத்த ஆண்டே க்ரோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. (உடம்பிலுள்ள ரத்த நாளங்களை நீட்டி வைத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்று வாட்ஸ்அப் வரை சுற்றுகிற எண்ணும் அவருடைய தோராயக் கணக்கில் பிறந்ததுதான். ஆஜானுபாகுவான ஒரு மனிதரை மனதில் வைத்துப் போட்டது அது. இன்றைய மதிப்பீடுகள் வெகுவாகக் குறைவு.)

திசுவுக்குத் திசு கணக்கு மாறும் என்றாலும் இன்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 100 முதல் 200 மைக்ரான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. ஈரல் செல் ஒன்றின் அகலம் 20 முதல் 30 மைக்ரான் என்பதால், நாளத்திலிருந்து ஏழெட்டுச் செல் தள்ளிப்போனாலே பட்டினி. செல்களை ஜெல்லில் கலந்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு உறையவைத்து, ஊட்டக் கரைசலில் சில நாள் ஊறவிட்டு, நடுவே வெட்டிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் ஒளிரும்படி ஒரு சாயம் உண்டு. அதைப் போட்டால் ஓரத்தில் நூலிழை போலப் பச்சை வளையம். உள்ளே முழுக்கச் சிவப்பு. எத்தனையோ ஆய்வு மாணவர்களின் மாதக்கணக்கான உழைப்பு அந்தச் சிவப்பில் முடிந்திருக்கிறது.

புற்றுக்கட்டிக்கும் இதே விதிதான் என்று கண்டுபிடித்தவர் ஜூடா ஃபோக்மன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வகத்தில், கப்பலில் சேமித்து வைக்கக்கூடிய ரத்த மாற்றுத் திரவம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். முயலின் தைராய்டைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து அந்தத் திரவத்தை உள்ளே செலுத்தி உயிரோடு வைத்திருந்தார்கள். அதில் புற்றுச் செல்களை இட்டபோது, கட்டி ஓரிரண்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. அதே கட்டியை எடுத்து எலிக்குள் வைத்தால் மளமளவென்று பெருத்தது. எலிக்குள் இருந்தது, கண்ணாடிக் கலத்தில் இல்லாதது எது? புதிய நாளங்கள் முளைக்கும் வசதி. 1971-இல் ஃபோக்மன் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார்: கட்டி ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரந்து நாளங்களைத் தன்னிடம் அழைக்கிறது, அந்த அழைப்பைத் துண்டித்தால் கட்டி பட்டினியில் அடங்கும். சக மருத்துவர்கள் பலர் அப்போது நம்பவில்லை. அந்த ரசாயனங்களில் முக்கியமான வி.ஈ.ஜி.எஃப் 1989-இல் பிரித்தெடுக்கப்பட்டதும், அதை முடக்கும் மருந்து 2004-இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்ததும் தனிக் கதை.

நம் கதைக்கு வேண்டியது அவருடைய பாஸ்டன் ஆய்வகத்துக்கு வந்துபோன இரண்டு பேர். ஒருவர் வேதிப் பொறியாளர் ராபர்ட் லாங்கர். இன்னொருவர் ஜோசஃப் வக்கான்டி, எலிக் காது சார்லஸின் அண்ணன், குழந்தைகளுக்கு ஈரல் மாற்று அறுவை செய்பவர். தானமாக ஈரல் கிடைக்காமல் குழந்தைகள் இறப்பதைப் பார்த்துப் பார்த்து, செல்லையும் பாலிமரையும் சேர்த்து ஈரலைச் செய்தே தீர்வது என்று இறங்கியவர். 1993-இல் ‘சயின்ஸ்’ இதழில் இருவரும் எழுதிய கட்டுரைதான் திசுப் பொறியியல் என்ற துறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. துறையின் பிதாமகர்கள் இருவரும், நாளம் இல்லாவிட்டால் திசு வளராது என்று நிரூபித்தவரின் பட்டறையிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தடை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தலைமுறையே நினைத்தது.

அதுவரை, மெல்லியதாகச் செய்வது என்று வழி கண்டார்கள். தோல் அப்படித்தான் முதலில் வந்தது. ஹோவர்ட் கிரீன் 1975-இல் மேல்தோல் செல்களைத் தட்டில் வளர்க்கும் முறையைக் கண்டார். 1983-இல் தீயில் உடம்பு முழுக்க வெந்த இரண்டு சிறுவர்களுக்கு அவர்களுடைய தோலையே தாள்தாளாக வளர்த்துப் போர்த்தி உயிர் காத்தார்கள். மேல்தோலிலும் நாளம் கிடையாது. 2006-இல் ஆன்டனி அட்டாலா ஏழு இளம் நோயாளிகளுக்குத் தம் செல்லிலேயே வளர்த்த சிறுநீர்ப்பையைப் பொருத்திய செய்தியும் பெரிதாகப் பேசப்பட்டது. மெல்லிய சுவர் கொண்ட பை அது. சிலருக்கு அதன்மேல் வயிற்றுக்குள்ளிருக்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையை இழுத்துச் சுற்றினார்கள். அந்தத் திரையில் நாளங்கள் ஏராளம்.

மெல்லியதை அடுக்கிக் கனமாக்கலாமே என்று டோக்கியோவில் பார்த்தார்கள். டெருவோ ஒகானோவின் குழுவிடம் ஒரு விசேஷத் தட்டு உண்டு: சூட்டைக் குறைத்தால் செல்கள் கிழியாமல் முழுத் தாளாக உரிந்து வரும். அப்படி எடுத்த இதயத் தசைத் தாள்களில் மூன்றுக்கு மேல் ஒரே தடவையில் அடுக்கினால் உள்ளே உள்ளவை செத்தன. அதனால் எலிக்குள் மூன்று தாளை வைத்து, ஓரிரு நாள் பொறுத்து, நாளம் ஊடுருவிய பிறகு மறுபடி திறந்து இன்னும் மூன்று. இப்படிப் பத்து அறுவைகளில் கிடைத்தது ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள, துடிக்கும் தசை. 2006-இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. எந்த மிகையும் இல்லாமல் விலையைச் சொல்லிவிடுகிறது: ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து அறுவை.

இந்த விலையைக் கொடுக்காமல் தாண்டிவிடலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மூச்சுக்குழாய் விவகாரம் சாட்சி. 2008-இல் பார்சிலோனாவில் பாவ்லோ மக்கியாரினி, இறந்தவரின் மூச்சுக்குழாயைச் செல் நீக்கிக் கழுவி, நோயாளியின் செல்களைத் தூவிப் பொருத்தியதாக அறிவித்தார். 2011-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: முழுக்க பிளாஸ்டிக்கில் செய்த குழாய், அதன்மேல் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்கள். உலகமே கைதட்டியது. அங்கே அப்படிப் பொருத்தப்பட்ட மூவருமே பின்னர் இறந்தார்கள். ‘லான்செட்’ இதழ் 2018-இல் இந்தக் குழாய் பற்றிய கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது.

ஒரு மனிதரின் பொய்யும் ஆணவமுமாகவே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் நேர்மையானவராகவே இருந்திருந்தாலும் அந்தக் குழாய் பிழைத்திருக்காது. மூச்சுக்குழாய்க்கு என்று தனித் தமனி கிடையாது; தைராய்டு தமனி போன்றவற்றிலிருந்து இழையிழையாக வரும் கிளைகள்தான் ஊட்டுகின்றன. அறுவை மருத்துவர் ஊசி நூலால் இணைப்பதற்கு ஏற்ற அளவில் ஒன்றும் இல்லை. ரத்தம் வராத குழாய், வெளிக்காற்றும் கிருமியும் நொடிக்கு நொடி வந்துபோகும் இடத்தில் கிடந்தால் செல்கள் ஒட்டாது, இணைப்பு விட்டுப்போகும், அழுகும். பெல்ஜியத்தின் லூவன் நகர அறுவை மருத்துவர் பியர் டெலாரே இதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்; கேட்க ஆளில்லை.

சொன்னதோடு நிற்கவில்லை அவர். தானமாக வந்த மூச்சுக்குழாயை எடுத்து, நோயாளியின் முன்கையில் தோலுக்கடியில், மணிக்கட்டுத் தமனி ஓடும் மெல்லிய திசுவில் சுற்றிவைத்தார். மாதக்கணக்கில் அது கையிலேயே இருந்தது. கையின் நாளங்கள் அதற்குள் ஊடுருவின. உட்புறத்தில் நோயாளியின் வாய்ச் சவ்வை ஒட்டி வளர்த்தார். ரத்த ஓட்டம் நிலைத்த பிறகு, தமனியோடும் சிரையோடும் சேர்த்துக் கழுத்துக்கு மாற்றி, அங்குள்ள பெரிய நாளங்களில் தைத்தார். 2010-இல் இது ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஸ்டெம் செல் இல்லை, பாலிமர் இல்லை. பத்திரிகைத் தலைப்புக்குத் தோதான எதுவும் இல்லை. ஆனால் முதலில் ரத்தம், பிறகு உறுப்பு என்ற வரிசை சரியாக இருந்தது.

சரி, நாளத்தையே வளர்ப்பது எங்கே வந்து நிற்கிறது? இங்கே பெரியது, நடுத்தரம், நுண்ணியது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பமே மிஞ்சும். ஆறு, வாய்க்கால், மடை என்று காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணையில் எத்தனை கன அடி திறந்தாலும் கடைமடையில் வந்து பாய்ந்தால்தான் பயிர். கடைமடையில் வரப்பை ஒழுங்காகக் கட்டிவைத்து ஆற்றோடு இணைக்காவிட்டாலும் பயனில்லை. உடம்பில் மகாதமனியின் குறுக்களவு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். தந்துகியோ 5 முதல் 10 மைக்ரான், ஒரு சிவப்பணு உடம்பை வளைத்துக்கொண்டு நுழையும் அளவு. இரண்டுக்கும் நடுவே ஏராளமான கிளைப்புகள்.

பெரிய குழாயில்தான் உண்மையான வெற்றி கிடைத்திருக்கிறது. 1894-இல் பிரான்ஸின் லியோன் நகரில் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்திக்குத்துப் பட்டு, அறுபட்ட சிரையைத் தைக்க வழியின்றி இறந்தார். அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கார்ரெல், பூத்தையல் செய்யும் பெண்மணி ஒருவரிடம் போய் நுண்ணிய ஊசி பிடிக்கக் கற்று, ரத்த நாளங்களை இணைக்கும் முறையை உருவாக்கினார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய உறுப்பு மாற்று அறுவை எல்லாமே அந்தத் தையலில் நிற்கிறது. ஆனால் தைப்பதற்குக் குழாய் வேண்டுமே. 1986-இல் வைன்பர்க், பெல் இருவரும் கொலாஜனில் செல்களைக் கலந்து முதல் செயற்கைத் தமனியை வார்த்தார்கள். ரத்த அழுத்தத்தைத் தாங்க அதற்கு டேக்ரான் வலைச் சட்டை போடவேண்டியிருந்தது.

லாரா நிக்லசன் வேறு மாதிரி யோசித்தார். கருவில் தமனி உருவாகும்போது அதற்குள் இதயத் துடிப்பு ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கிறது. ஆய்வகத்தில் அது இல்லாததால்தான் குழாய் சவலையாக வளர்கிறது என்பது அவர் எண்ணம். கரையும் பாலிமர்க் குழாயில் தசைச் செல்களை விதைத்து, உள்ளே நிமிடத்துக்கு 165 முறை, கருவின் இதய வேகத்தில், திரவத்தைத் துடிக்கவிட்டார். எட்டு வாரத்தில் பாலிமர் பெரும்பாலும் கரைய, செல்கள் தாமே நெய்த கொலாஜன் சுவர் கெட்டிப்பட்டு நின்றது. 1999-இல் பன்றிகளுக்குள் வைத்துக் காட்டினார். அடுத்த சிக்கல், ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் செல்லை எடுத்து இரண்டு மாதம் காத்திருக்க முடியாது என்பது. அதற்கு அவர் கண்ட தீர்வு துணிச்சலானது: யாரோ ஒருவர் தானமளித்த செல்லில் குழாயை வளர்த்து, முடிந்ததும் எல்லாச் செல்லையும் கழுவி வெளியேற்றிவிடுவது. எதிர்ப்பு சக்தி தாக்குவதற்கு அந்நியச் செல் எதுவும் மிச்சமில்லை. குழாயைக் குளிர்பெட்டியில் இருப்பு வைக்கலாம். அவர் தொடங்கிய ஹியூமசைட் நிறுவனத்தின் குழாய் 2012-இல் போலந்தில் டயாலிசிஸ் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் உக்ரைன் போரில் கைகால் தமனி சிதைந்தவர்களுக்குப் பயன்பட்டது. 2024 டிசம்பரில் ‘சிம்வெஸ்’ என்ற பெயரில், காயமுற்ற கைகால்களுக்கு மட்டும், அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்தது. குழாய் கிழியலாம், தையல் விடலாம் என்ற கட்டம் கட்டிய எச்சரிக்கையோடுதான். பொருத்திய பின் நோயாளியின் செல்களே மெல்ல அதற்குள் குடியேறுகின்றன. இந்தத் துறை சாதித்ததிலேயே திடமானது இது என்பேன். ஆனால் இது கிளையே இல்லாத 6 மில்லிமீட்டர் குழாய் என்பதையும் சொல்லவேண்டும்.

நுண்ணிய முனையில் நிலைமை நேர்மாறு. தந்துகியை நாம் கட்டவே வேண்டியதில்லை. எண்டோதீலியம் எனப்படும் நாள உட்சுவர்ச் செல்கள் தாமே கட்டிக்கொள்ளும். அவற்றைத் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்து வளர்க்க 1973-இல் வழி பிறந்தது. 1980-இல் ஃபோக்மனும் ஹவுடன்ஷில்டும் தட்டிலேயே அவை குழாய் குழாயாகத் தாமே இணைவதைக் காட்டினார்கள். 2013-இல் யோகோஹாமாவில் டகனோரி டகேபே, ஸ்டெம் செல்லிலிருந்து செய்த ஈரல் முன்னோடிச் செல்களோடு எண்டோதீலியச் செல்லையும் இணைப்புத்திசு ஸ்டெம் செல்லையும் சேர்த்துவிட்டார். மூன்றும் தாமாகத் திரண்டு சில மில்லிமீட்டர் மொட்டாக ஆயின. எலிக்குள் வைத்த 48 மணி நேரத்தில் மொட்டின் நாளங்கள் எலியின் நாளங்களோடு கைகோத்துவிட்டன. ரத்தம் பாய்ந்த பிறகே அந்த மொட்டு ஈரல் போல நடந்துகொள்ளத் தொடங்கியது. நாளம் என்பது உணவுக்குழாய் மட்டும்தானா, செல்லுக்கு வளரும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பதும் அதுதானா என்ற கேள்வி இதற்குப் பிறகு வலுத்தது.

அப்படியானால் வி.ஈ.ஜி.எஃப் போன்ற அழைப்பு ரசாயனத்தைக் கொட்டிவிட்டால் நாளங்கள் வந்துவிடாதா? இதயத்தில் செய்து பார்த்தார்கள். 178 நெஞ்சுவலி நோயாளிகளை வைத்து நடத்தி 2003-இல் வெளியான சோதனையில், 60-ஆம் நாள் மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ரசாயனம் மட்டும் மிகுந்தால் முளைப்பது ஒழுகும் நாளம். எலிகளில் ரத்தக் கட்டியாகவே திரண்டதும் உண்டு. முளைத்த நாளத்தைச் சுற்றிப் பெரிசைட் என்ற துணைச் செல்கள் வந்து கட்டிக்கொண்டால்தான் அது நிலைக்கும். அவற்றைக் கூப்பிட வேறொரு ரசாயனம், அதுவும் சரியான நேரத்தில். வேகமும் போதாது. உடம்பின் நாளம் புதிய திசுவுக்குள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் கனத் திசுவின் நடுவைத் தொட வாரங்கள் ஆகும். நடுவிலிருக்கும் செல் சில நாளிலேயே செத்துவிடும்.

ஆக, சிக்கல் முழுக்க நடுத்தரத்தில் வந்து குவிகிறது: தைக்கக்கூடிய குழாயில் தொடங்கி, கிளை பிரிந்து பிரிந்து, தந்துகிகள் வந்து பற்றிக்கொள்ளும் அளவுவரை ஒரே மரம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் 3டி பிரின்டர்கள் படையெடுத்தது இந்த இடத்தின்மீதுதான். எனக்குப் பிடித்தது ஜோர்டன் மில்லர் 2012-இல் பென்சில்வேனியாவில் செய்தது. சர்க்கரையைக் காய்ச்சிக் கண்ணாடி போன்ற கம்பிகளாக அச்சிட்டு, ஒரு கூடு கட்டினார். அதைச் சுற்றிச் செல் கலந்த ஜெல்லை ஊற்றி உறையவைத்தார். சர்க்கரை கரைந்து ஓடிவிட்டது. கம்பி இருந்த இடமெல்லாம் வாய்க்கால். அதில் எண்டோதீலியச் செல்களைப் பாய்ச்சினால் சுவரில் ஒட்டிப் படர்ந்தன. ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் சர்க்கரைக்குப் பதிலாக, குளிர்ந்தால் இளகி வெளியேறும் மை ஒன்றைப் பயன்படுத்தி, 2016-இல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமுள்ள திசுவை ஆறு வாரம் உயிரோடு வைத்தார். மில்லரும் கெல்லி ஸ்டீவன்ஸும் 2019-இல் ஒளியால் ஜெல்லை உறையவைத்து, காற்றுப்பையைச் சுற்றிப் பின்னிய நாளங்களைச் செய்தார்கள். ஒளி வேண்டாத ஆழத்துக்கு ஊடுருவாமல் தடுத்தது, மிட்டாய்க்கு நிறம் சேர்க்கும் டார்ட்ரசின் என்ற சாதாரண மஞ்சள் சாயம். 2016-இல் நாசாவும் போட்டி ஒன்றை அறிவித்தது: ஒரு சென்டிமீட்டர் கனத் திசு, 30 நாள், 85 சதவீதச் செல்கள் உயிரோடு. 2021-இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டு குழுக்கள் ஈரல் திசுவை வைத்து வென்றன.

இவையெல்லாம் பெரிய சாதனைகள்தான். ஆனால் ஊசிமுனையில் பிதுக்கி வரைகிற பிரின்டர் பொதுவாகச் சில நூறு மைக்ரான் குழாயோடு நின்றுவிடும். தந்துகிக்கு இன்னும் பல படி கீழே இறங்க வேண்டும். அந்த இடைவெளியைச் செல்களே நிரப்பிக்கொள்ளும் என்பதுதான் பெரும்பாலான குழுக்களின் நம்பிக்கை. 2019-இல் டெல் அவிவில் டால் டிவிர் குழு அச்சிட்ட கட்டைவிரல் அளவு இதயம் ‘மனித இதயம் தயார்’ என்று ஊடகங்களில் வலம் வந்தது. அதன் செல்கள் சுருங்கின. இதயமாகச் சேர்ந்து ரத்தத்தை இறைக்கவில்லை. குழுவே அதைத் தெளிவாகச் சொன்னது. தலைப்புப் போட்டவர்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

மரத்தை வரைவதே ஒரு கணக்கு. தாய்க்குழாயின் ஆரத்தின் முப்படி, கிளைகளின் ஆரங்களுடைய முப்படிகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று 1926-இல் செசில் மரே கண்டார். இதயம் குறைந்த சிரமத்தில் ரத்தத்தைத் தள்ள இயற்கை பிடித்த வழி அது. ஒரு முழு உறுப்புக்கு இப்படி லட்சக்கணக்கான கிளைகளை, ஒன்றோடொன்று முட்டாமல், எந்த மூலையும் விடுபடாமல் வரையவேண்டும். ஸ்டான்ஃபோர்டில் அலிசன் மார்ஸ்டன், மார்க் ஸ்கைலர்-ஸ்காட் குழுக்கள் 2025-இல் வெளியிட்ட முறை, பழைய முறைகளைவிட ஏறக்குறைய 200 மடங்கு வேகமாக இதைச் செய்கிறது. மனித இதயத்துக்கு வேண்டிய நாள மரத்தைக் கணினி சில மணி நேரத்தில் வரைந்துவிடும். உயிருள்ள செல்களோடு அவர்கள் அச்சிட்டுக் காட்டியது 25 நாளங்கள் கொண்ட ஒரு வளையம். வரைபடத்துக்கும் கைப்பொருளுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் மறைக்கவில்லை.

ஏன் புதிதாக வரைய வேண்டும், இயற்கை வரைந்து வைத்ததையே எடுத்துக்கொண்டால் என்ன என்பது இன்னொரு வழி. 2008-இல் மினசோட்டாவில் ஹரால்ட் ஆட், டோரிஸ் டெய்லர் இருவரும் எலி இதயத்தைச் சோப்புக் கரைசலால் கழுவிச் செல்களை எல்லாம் நீக்கினார்கள். வெளிறிய, கண்ணாடி போன்ற கூடு மிஞ்சியது. நாள மரம் அப்படியே இருந்தது. புதிய செல்களை ஏற்றிய எட்டாம் நாள் அது துடித்தது. வளர்ந்த எலி இதயத்தின் திறனில் 2 சதவீதம். 2010-இல் நிக்லசன் இதே முறையில் செய்த எலி நுரையீரல் உடம்புக்குள் வாயுவை மாற்றியது, 45 முதல் 120 நிமிடம் வரை. பிறகு உறைகட்டி. எண்டோதீலியம் மூடாத ஒரு சிறு திட்டு இருந்தாலும் ரத்தம் அதைக் காயம் என்றே எடுத்துக்கொள்ளும். பல கோடி தந்துகிச் சுவர்களில் ஒன்றுவிடாமல் செல்லைப் போர்த்துவது எப்படி என்பதில் இந்த வழி மாட்டிக்கொண்டு நிற்கிறது. வூஸ்டர் நகரில் 2017-இல் பசலைக்கீரையைக்கூட இப்படிக் கழுவி, இலை நரம்பை நாளமாக வைத்து இதயச் செல்களைத் துடிக்கவிட்டார்கள். அழகான படம், அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

உடம்பையே பட்டறையாக்கிக்கொண்டவர்கள்தான் நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மனியின் கீல் நகரில் 2004-இல் வெளியான ஒரு சிகிச்சை: புற்றுநோயால் கீழ்த்தாடையை இழந்து, பல ஆண்டுகளாகக் கூழும் சூப்புமாகக் காலம் தள்ளியவர். கணினியில் அளவெடுத்து டைட்டானிய வலையில் தாடை செய்து, எலும்புத் தாதும் வளர்ச்சிப் புரதமும் மஜ்ஜைச் செல்களும் நிரப்பி, அவருடைய முதுகுத் தசைக்குள் ஏழு வாரம் புதைத்துவைத்தார்கள். நாளம் ஊடுருவி எலும்பு திரண்டதும் தசைத் தமனியோடு பெயர்த்து முகத்தில் தைத்தார்கள். ஒரு மாதத்தில் ரொட்டியும் சாசேஜும் சாப்பிட்டார். இதே கடன் வாங்கும் புத்திதான், ஈரல் செல்களை நிணநீர்க் கணுவுக்குள் செலுத்தி அங்கேயே குட்டி ஈரல் வளர்க்கப் பார்க்கும் பிட்ஸ்பர்க் முயற்சியிலும் இருக்கிறது. 2024-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இன்னும் ஒரு வழி பன்றி. முழு உறுப்பும் முழு மரமும் தயாராகவே இருக்கின்றன. ஆனால் மனித ரத்தம் முதலில் தொடுவது பன்றியின் எண்டோதீலியத்தை, சண்டை தொடங்குவதும் அங்கேதான். அதனால் மினசோட்டாவில் ஒரு குழு, நாளம் உருவாக்கும் ஈ.டி.வி.2 மரபணுவை நீக்கிய பன்றிக் கருவில் மனித ஸ்டெம் செல்லைச் செலுத்தி, நாள உட்சுவர் மட்டும் மனிதனுடையதாக வளரும் என்று 2020-இல் காட்டியது. கரு நிலையில் மட்டும். அறநெறிக் கேள்விகள் அங்கே வரிசையில் நிற்கின்றன.

இத்தனையையும் பார்த்த பின் என் கணிப்பு இதுதான். முழு ஈரலை அச்சிட்டுப் பொருத்துவது இந்தத் தலைமுறையில் நடக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. மூளை நாளத்தின் இறுக்கமும் ஈரல் நாளத்தின் சல்லடைத் துளைகளும் வேறு வேறு. எந்த உறுப்புக்கு எந்த எண்டோதீலியம் என்பதிலேயே வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நிணநீர்க் குழாய்களைப் பற்றிய பேச்சு இன்னும் குறைவுதான். அறுவை மருத்துவர் கவ்வியை எடுத்த அந்த நிமிடமே ரத்தம் எல்லா மூலைக்கும் பாயவேண்டும், உறையக் கூடாது, ஒழுகக் கூடாது. எலிக்குள் 48 மணி நேரம் காத்திருந்த மொட்டுக்குக் கிடைத்த அவகாசம் மனிதனுக்கு வைக்கும் ஈரலுக்குக் கிடைக்காது.

ஆனால் சிறு துண்டுகள் வரும், வந்துகொண்டும் இருக்கின்றன. ஸ்டெம் செல்லிலிருந்து செய்த கணையத் தீவுகளை ஈரலின் சிரைக்குள் செலுத்திய சோதனை 2025-இல் வெளியானது: முழு அளவு பெற்ற 12 டைப்-1 சர்க்கரை நோயாளிகளில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை மட்டும் தொடரவேண்டும். கணையத் தீவு ஒன்றின் சராசரிக் குறுக்களவு ஏறக்குறைய 150 மைக்ரான். நாளம் முளைக்கும் வரை கசிவில் பிழைத்திருக்க அந்த அளவு இடம் கொடுக்கிறது.

பெரிய துண்டுக்கான பரீட்சைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2023-இல் அமெரிக்க அரசின் ஆர்பா-ஹெச் அமைப்பு ஸ்டான்ஃபோர்டுக்கு 2.63 கோடி டாலர் கொடுத்தது. ஐந்து ஆண்டுக்குள் அச்சிட்ட இதயத்தை உயிருள்ள பன்றிக்குள் பொருத்திக் காட்டவேண்டும் என்பது இலக்கு. அது துடிக்கிறதா என்பதைக் காமிராக்கள் பார்த்துக்கொள்ளும். அறுத்துப் பார்க்கும்போது தசைச் சுவரின் நடுப்பகுதி எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்ற படத்துக்காகத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.